பாக்கெட் கணக்கு நேராகாதபோது எங்கே தேடுவது

நெட்வொர்க் டிரைவரில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறீர்கள். இரண்டு கணினிகளை 10 ஜிகாபிட் கேபிளால் நேருக்கு நேர் இணைத்தாயிற்று. ஒன்றில் லினக்ஸ் கெர்னலின் பாக்கெட் அனுப்பும் கருவியான பாக்கெட்ஜென் ஓடுகிறது, மற்றொன்று வாங்குகிறது. நேற்று நொடிக்கு 11 மில்லியன் பாக்கெட் வந்தது, இன்று 9.3 தான். உடனே டிரைவர் கோடைத் திறக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்த இப்படிப்பட்ட வித்தியாசங்களில் பெரும்பாலானவை டிரைவரில் பிறந்தவை அல்ல, அளந்த விதத்தில் பிறந்தவை. ஒவ்வொரு பாக்கெட்டும் எங்கே போனது என்று கணக்குக் காட்டிய பிறகுதான் டிரைவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை வருகிறது.

அதனால் இதை அறிகுறிகளாகப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள், பின்னால் வரும் எல்லாமே அதை நம்பித்தான் நிற்கிறது. ஒரு சின்னக் குறிப்பும் உண்டு: நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் பெரும்பாலும் சிறிய எழுத்து நிலவரத்தைக் காட்டும், அதே பெரிய எழுத்து அதை மாற்றும். சிறிய ஜி ரிங் (கார்டும் டிரைவரும் பாக்கெட் கைமாற்றும் வட்ட வரிசை) அளவைக் காட்டும், பெரிய ஜி மாற்றும். பெரிய எஸ், பெரிய டி போன்றவை விதிவிலக்கு, பெரிய எஸ் கவுண்டர்களைக் காட்டும்.

அளக்கும் முன் போட வேண்டிய கணக்கு

64 பைட் ஃபிரேம் கேபிளில் 64 பைட் இடத்தோடு நிற்பதில்லை. அதற்கு முன்னால் 8 பைட் அறிமுகச் சமிக்ஞை போகிறது, பின்னால் 12 பைட் அளவுக்கு இடைவெளி விட்டாக வேண்டும். மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். 10 ஜிகாபிட்டை இதனால் வகுத்தால் நொடிக்கு 14.88 மில்லியன் பாக்கெட் வரும். 10 ஜிகாபிட் ஈதர்நெட்டின் உச்சவரம்பு அதுதான், அதற்கு மேல் யாராலும் போக முடியாது. ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு கோரில் அது சுமார் 200 சுழற்சி. அதே 10 ஜிகாபிட்டில் 1518 பைட் ஃபிரேம் என்றால் நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான், ஒவ்வொன்றுக்கும் 1230 நானோநொடி தாராளமாகக் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டில் எல்லா டிரைவரும் நல்ல டிரைவராகத் தெரிவது இதனால்தான். 25 ஜிகாபிட்டில் 64 பைட்டுக்கு 26.9 நானோநொடி, 100 ஜிகாபிட்டில் 6.72.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை பாக்கெட் என்று பேசாமல், ஒரு கோரில் ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை நானோநொடி என்று பேசுங்கள். 1 மில்லியனிலிருந்து 1.1க்கு ஏறினால் பாக்கெட்டுக்கு 91 நானோநொடி மிச்சம். 10 மில்லியனிலிருந்து 11க்கு ஏறினால் மிச்சம் வெறும் 9. இரண்டையும் "பத்து சதவீதம் வேகம்" என்றுதான் அறிக்கையில் எழுதுவோம், ஆனால் செய்த வேலை ஒன்றல்ல. நீங்கள் சேர்த்த ஒரு பூட்டு 15 நானோநொடி எடுக்கிறது என்றால், மெதுவான பாதையில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. வேகமான பாதையில் அதே பூட்டு எண்ணைத் தலைகீழாக்கிவிடும்.

இரண்டாவது, வரவு செலவுக் கணக்கு. அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, வாங்கியதும் வழியில் விழுந்ததும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். பாக்கெட் விழக்கூடிய இடங்கள் நான்கு: கேபிளை ஒட்டிய வன்பொருள், ரிங், கெர்னலின் பாதை, கடைசியில் நிரல் பாக்கெட்டை வாங்கும் சாக்கெட். இந்த நான்கு இடத்துக் கவுண்டர்களையும் சோதனைக்கு முன் ஒரு தடவை, சோதனை நின்றபின் ஒரு தடவை எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த எண்ணை நம்பாதீர்கள். சில டிரைவர்கள் வன்பொருள் கவுண்டரை நொடிக்கு ஒரு தடவையோ இன்னும் தாமதமாகவோதான் படித்து வைக்கின்றன. அதனால் ஒரு நொடி எண் அப்படியே நிற்கும், அடுத்த நொடி இரண்டு மடங்கு குதிக்கும். அந்தக் குதிப்பை ஏதோ நடத்தை என்று நினைத்துத் தேடப் போய்விடக் கூடாது.

எண் 14.2 மில்லியனில் ஆணி அடித்தது போல நிற்கிறது

14.88க்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் எதைச் செய்தாலும் ஏறவில்லை. கோர் முழுசாக ஓடவில்லை, ட்ராப்பும் (பாக்கெட் விழுவதும்) இல்லை. காரணம் 4 பைட். பாக்கெட்ஜென்னில் நீங்கள் கொடுக்கும் அளவில் கடைசி 4 பைட் சரிபார்ப்புத் தொகை சேராது. அதை நெட்வொர்க் கார்டு பின்னால் ஒட்டிக்கொள்ளும். 64 என்று கொடுத்தால் கேபிளில் 68 போகும், இடைவெளியோடு 88 பைட், அதற்கான வரம்பு 14.2 மில்லியன். 60 என்று கொடுங்கள், சரியாகிவிடும். 60 கொடுத்தும் 14.2 தான் என்றால் விலான் (மெய்நிகர் உள்வலை) குறி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அதுவும் 4 பைட்தான்.

இதே 4 பைட் பைட் கவுண்டரிலும் விளையாடும். வன்பொருள் கவுண்டர் சரிபார்ப்புத் தொகையைச் சேர்த்து எண்ணும், டிரைவரின் மென்பொருள் கவுண்டர் பல நேரம் சேர்க்காது. 60 பைட் பாக்கெட்டில் இது ஆறு சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம் காட்டும். அதனால் சிறிய பாக்கெட் சோதனையில் ஜிகாபிட் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள்.

எண் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

கேபிளின் வரம்பையே தாண்டினால், கேபிளுக்குப் போகும் முன்பே எங்கோ எண்ணுகிறீர்கள் என்று பொருள். அனுப்பும் நிரல் டிரைவரிடம் ஒப்படைத்ததை எண்ணியிருக்கும், கார்டு அனுப்பி முடித்ததை அல்ல. வாங்கும் பக்க எண்ணே சாட்சி.

வரம்புக்குள் இருந்தாலும், ஒற்றைக் கோரில் இவ்வளவா என்று தோன்றினால், அந்தச் சோதனை பாக்கெட்டை உண்மையில் தொட்டதா என்று கேளுங்கள். 2012இல் பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிட்சோ, பாக்கெட்டுகளை வேகமாக நகர்த்தும் நெட்மேப்பை அறிமுகப்படுத்தியபோது, 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோரால் 14.88 மில்லியனை எட்ட முடியும் என்று காட்டினார். அது உண்மை. ஆனால் அங்கே நடந்தது பாக்கெட்டை நகர்த்துவது மட்டும். 2018இல் வந்த எக்ஸ்டிபி (டிரைவர் மட்டத்திலேயே பாக்கெட்டைக் கையாளும் லினக்ஸ் வசதி) ஆய்வுக் கட்டுரையில் ஒரு கோருக்கு 24 மில்லியன் என்ற எண் வருகிறது, அது பாக்கெட்டைத் தூக்கி எறியும் சோதனை. எறிவதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கக்கூட வேண்டாம், ஆகவே பாக்கெட்டின் தரவு கோரின் கேச்சுக்குள் வந்தாக வேண்டிய அவசியம் இல்லை. அந்த எண்ணை உங்கள் ஃபார்வர்டிங் (பாக்கெட்டை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புதல்) எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் உங்கள் டிரைவருக்கு அநியாயம் செய்கிறீர்கள். எறியும் நிரலில் தலைப்பிலிருந்து ஒரே ஒரு பைட்டைப் படிக்கும்படி மாற்றி இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள நானோநொடி வித்தியாசம் உங்கள் கணினியைப் பற்றி நிறையச் சொல்லும்.

டிசிபி வைத்து அளப்பவர்களுக்கு வேறொரு மாயை உண்டு. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் 30,000 பைட், 60,000 பைட் பாக்கெட்டுகள் தெரியும். கேபிளில் அப்படி எதுவும் போகவில்லை. ஜிஆர்ஓ பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி மேலே அனுப்புகிறது, அனுப்பும் பக்கம் டிஎஸ்ஓ ஒரு பெரிய துண்டைக் கார்டிடம் கொடுத்து வெட்டச் சொல்கிறது. டிரைவரின் பாக்கெட் வேகம் தெரிய வேண்டுமென்றால், யுடிபி அனுப்புங்கள், அல்லது ஈத்டூலின் பெரிய கே விருப்பத்தால் இரண்டையும் அணைத்துவிட்டு அளங்கள்.

அனுப்பும் வேகம் தானாகக் குறைகிறது, எங்கும் ட்ராப் இல்லை

இது பாஸ் ஃபிரேம். வாங்கும் கார்டு திணறும்போது "கொஞ்சம் நிறுத்து" என்று எதிர்ப்பக்கத்துக்குச் சொல்கிறது, அனுப்பும் கார்டு கேட்டுக்கொள்கிறது. பாக்கெட் எதுவும் விழாது, கணக்கும் அழகாக நேராகும். ஆனால் நீங்கள் அளப்பது அனுப்புபவரின் வேகத்தையும் அல்ல, வாங்குபவரின் வரம்பையும் அல்ல, இருவரும் செய்துகொண்ட சமரசத்தை. ஈத்டூலின் சிறிய ஏ போட்டுப் பாருங்கள், இயங்கினால் பெரிய ஏ போட்டு இரு பக்கமும், இரு திசையிலும் அணையுங்கள். நடுவில் சுவிட்ச் இருந்தால் அங்கும் அணைக்க வேண்டும். இன்டெல் 10 ஜிகாபிட் டிரைவரில் ஃப்ளோ கன்ட்ரோல் என்று பெயர் வரும் கவுண்டர்கள் பூஜ்யத்திலேயே நிற்கின்றனவா என்பதையும் ஒவ்வொரு சோதனைக்கும் பின் பாருங்கள். ஒரு ரீபூட்டுக்குப் பிறகு இந்த அமைப்பு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும்.

அணைத்தபின்னும் அனுப்பும் வேகம் குறைவு என்றால் அனுப்புபவரே தடையாக இருக்கிறார். பாக்கெட்ஜென்னில் ஒரு எஸ்கேபியை (கெர்னல் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் அமைப்பு) பலமுறை மறுபயன்படுத்தச் சொல்லும் குளோன் அமைப்பையும், கொத்தாக அனுப்பச் சொல்லும் பர்ஸ்ட் அமைப்பையும் கொடுத்தீர்களா? கார்டுக்கு "வந்து எடுத்துக்கொள்" என்று சொல்லும் பதிவேட்டு எழுத்து விலை உயர்ந்தது. பாக்கெட்டுக்கு ஒரு தடவை எழுதாமல் கொத்துக்கு ஒரு தடவை எழுதினால் எண் பாய்ந்து ஏறும்.

அனுப்பியது அதிகம், வந்தது குறைவு

அதிகம் வரும் அறிகுறி இதுதான். வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் ஒவ்வொரு இடமாகப் போங்கள்.

முதல் இடம், வன்பொருள். ஈத்டூலின் பெரிய எஸ் போட்டால் நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டும், முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். பூஜ்யம் அல்லாதவற்றையும், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பதிவுகளுக்கு இடையில் மாறியவற்றையும் மட்டும் வடிகட்டுங்கள். சரிபார்ப்புத் தொகைப் பிழை ஏறினால் கேபிள், எஸ்எஃப்பி மாட்யூல், அழுக்கு ஏறிய ஃபைபர் முனை. டிரைவர் பக்கம் போகவே வேண்டாம். மெல்லனாக்ஸ் எம்எல்எக்ஸ்5 டிரைவரில் பெயரின் முடிவில் ஃபை என்று வரும் கவுண்டர்கள் கேபிளை ஒட்டியவை. ஃபை கவுண்டர் ஏறி, சாதாரண ஆர்எக்ஸ் பாக்கெட்ஸ் ஏறாவிட்டால், மேக் முகவரியைச் சரிபாருங்கள். தனக்கு வராத பாக்கெட்டைக் கார்டு அமைதியாக வடிகட்டிவிடும், அதற்கு எல்லாக் கார்டும் ட்ராப் கணக்கு எழுதுவதில்லை.

இரண்டாம் இடம், ரிங். கார்டு பாக்கெட்டை வாங்கிவிட்டது, ஆனால் அதைப் போட டிரைவர் காலி டிஸ்கிரிப்டர் (பாக்கெட்டை எங்கே போடுவது என்று சொல்லும் ரிங் இடம்) கொடுத்து வைக்கவில்லை. இன்டெல் ஐஎக்ஸ்ஜிபிஇயில் மிஸ்ட் எரர்ஸ், நோ டிஎம்ஏ ரிசோர்சஸ் என்ற பெயர்கள், எம்எல்எக்ஸ்5இல் அவுட் ஆஃப் பஃபர். இது ஏறினால் கோர் தாமதமாக வந்திருக்கிறது. ஏன் தாமதம் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கான பதில் கீழே வரும் இரண்டு பகுதிகளில் இருக்கிறது. ஆனால் எம்எல்எக்ஸ்5இல் ஏறுவது டிஸ்கார்ட்ஸ் ஃபை என்றால் அது வேறு நோய். டிஸ்கிரிப்டர் இருந்தும் கார்டின் உள் பஃபர் வழிந்திருக்கிறது, பெரும்பாலும் கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ பக்கம் வடிகால் போதவில்லை.

மூன்றாம் இடம், கெர்னல். ப்ராக் கோப்பு முறைமையில் நெட் என்பதற்குள் சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பைத் திறங்கள். ஒரு கோருக்கு ஒரு வரி, எண்கள் பதினாறு அடிமானத்தில் இருக்கும், மாற்றிப் படிக்க மறக்காதீர்கள். முதல் நெடுவரிசை கையாண்ட பாக்கெட், இரண்டாவது பேக்லாக் (காத்திருப்பு வரிசை) நிரம்பி விழுந்தது, மூன்றாவது நேரம் போதாமல் பாதியில் எழுந்த தடவைகள். கெர்னல் பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுக்கும் என்ஏபிஐ முறையில் ஒரு கியூவை (கார்டின் ஒரு பாக்கெட் வரிசை) ஒரு தடவை பார்க்கும்போது 64 பாக்கெட் வரைதான் எடுக்கும். ஒரு சுற்றின் மொத்த வரம்பு இயல்பாக 300 பாக்கெட், நேரமும் ஒரு வரம்பு. மூன்றாவது நெடுவரிசை ஏறுவதைப் பார்த்துப் பலர் பதறி நெட்டெவ் பட்ஜெட் என்ற இந்தப் பாக்கெட் வரம்பை ஏற்றுகிறார்கள். முழு வேகச் சோதனையில் அது ஏறுவது இயல்பு. ரிங்கில் ட்ராப்பும் கூடவே ஏறினால் மட்டும் பட்ஜெட்டைத் தொடுங்கள்.

நான்காம் இடம், சாக்கெட். யுடிபி வாங்கும் நிரல் மெதுவாக இருந்தால் நெட்ஸ்டாட்டின் யுடிபி பகுதியில் ரிசீவ் பஃபர் எரர்ஸ் ஏறும். டிரைவர் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. டிரைவரை மட்டும் அளக்க வேண்டுமென்றால் சாக்கெட் வரை போகவே விடாதீர்கள். எக்ஸ்டிபியில் எறியுங்கள் அல்லது ஃபயர்வாலின் ரா டேபிளின் ஆரம்பத்திலேயே எறியுங்கள். யாரும் கேட்காத யுடிபி போர்ட்டுக்கு அனுப்பி அளக்க வேண்டாம், அப்படிச் செய்தால் "போர்ட் இல்லை" என்று பதில் தயாரிக்கும் செலவையும் சேர்த்து அளப்பீர்கள்.

நான்கு இடத்தையும் கூட்டியும் கணக்கு இடித்தால், பெர்ஃப் கருவியால் கேஃப்ரீ எஸ்கேபி என்ற தடப்புள்ளியைப் பதிவு செய்யுங்கள். எஸ்கேபி எந்த ஃபங்ஷனில் செத்தது என்று அது காட்டிக் கொடுக்கும்.

ஒரு கோர் மட்டும் 100 சதவீதம், மற்றவை சும்மா

கோர்களின் பயன்பாட்டைக் காட்டும் எம்பிஸ்டாட்டை எல்லாக் கோருக்கும் ஒரு நொடி இடைவெளியில் ஓடவிட்டால், ஒரே ஒரு கோரில் சாஃப்ட் என்ற நெடுவரிசை நிரம்பி வழியும், கேசாஃப்ட்ஐஆர்கியூடி என்ற கெர்னல் வேலை அங்கே குடியிருக்கும். பாக்கெட்ஜென்னை இயல்பு அமைப்பில் ஓட்டியிருந்தால் இது நடந்தே தீரும். ஒரே அனுப்புநர் முகவரி, ஒரே பெறுநர் முகவரி, ஒரே போர்ட் என்பதால் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே ஹாஷ் (கார்டு கியூவைத் தேர்ந்தெடுக்கக் கணக்கிடும் எண்), ஆகவே ஒரே கியூ. எட்டுக் கியூ இருந்தும் ஏழு பட்டினி. மூலப் போர்ட்டை ஒரு வரம்புக்குள் மாற்றி மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

மாற்றியும் பரவவில்லையா? பல இன்டெல் டிரைவர்களில் யுடிபிக்கு இயல்பான ஹாஷ் ஐபி முகவரிகளை மட்டும்தான் பார்க்கும், போர்ட்டைப் பார்க்காது. துண்டாக்கப்பட்ட யுடிபி பாக்கெட்டுகளின் வரிசை குலையக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஈத்டூலின் பெரிய என் விருப்பத்தில் ஆர்எக்ஸ் ஃப்ளோ ஹாஷ், யுடிபி4, அதன் பின் எஸ்டிஎஃப்என் என்ற நான்கு எழுத்துகளைக் கொடுத்தால் போர்ட்டும் ஹாஷில் சேரும். சிறிய எக்ஸ் விருப்பம் பகிர்வு அட்டவணையைக் காட்டும், அது எல்லாக் கியூவையும் தொடுகிறதா பாருங்கள். கடைசியாக ப்ராக்கில் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து கியூக்களின் இன்டரப்ட் (கார்டு கோரை அழைக்கும் சமிக்ஞை) வெவ்வேறு கோரில் விழுகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். டிரைவரின் ஒரு பாக்கெட் செலவைத் துல்லியமாக அறிய, இந்த "ஒரு கியூ, ஒரு கோர்" நிலைதான் மிகச் சிறந்த சோதனை. பல கோர் எண்ணில் எல்லாம் கலந்துவிடும். நான் முதலில் வேண்டுமென்றே ஒரே கியூவில் கட்டிப்போட்டு அளப்பேன். அப்புறம்தான் இரண்டு, நான்கு, எட்டு என்று ஏற்றுவேன். ஏற்றும்போது நேர்விகிதம் எங்கே உடைகிறதோ அங்கே பகிரப்பட்ட ஒரு பூட்டோ, பகிரப்பட்ட ஒரு கவுண்டரோ, மெமரி வரம்போ ஒளிந்திருக்கிறது.

கோர்கள் சும்மா இருக்கின்றன, ஆனாலும் பாக்கெட் விழுகிறது

நிறையப் பேரைக் குழப்பும் அறிகுறி இது. கோர் 40 சதவீதம்தான் ஓடுகிறது, ஆனால் ரிங் ட்ராப் ஏறுகிறது. சராசரி நம்மை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். ரிங்கில் 512 டிஸ்கிரிப்டர் என்று வையுங்கள். 64 பைட் முழு வேகத்தில் அது நிரம்ப 34 மைக்ரோநொடி போதும். அதே நேரத்தில், சும்மா இருந்த கோர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போயிருந்தால் எழுந்து வர எவ்வளவு ஆகும்? சிஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோரின் சிபியுஐடில் கோப்பகத்தில் ஒவ்வொரு உறக்க நிலைக்கும் லேட்டன்சி என்று ஒரு எண் இருக்கும். சர்வர் சிபியுக்களில் ஆழ்ந்த நிலைக்கு அது நூறு மைக்ரோநொடியைத் தாண்டுவதும் உண்டு. கார்டின் உள்ளே இருக்கும் சிறு பஃபர் கொஞ்சம் தாங்கும், அதற்கு மேல் வழியும். அடுத்த சில மில்லிநொடி கோர் முழு மூச்சாக வேலை செய்து ரிங்கைக் காலி செய்துவிட்டு மறுபடி தூங்கும். சராசரியில் அது 40 சதவீதமாகத்தான் தெரியும்.

சோதிப்பது எளிது. சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து பூஜ்யம் எழுதி, மூடாமல் பிடித்துக்கொண்டிருங்கள். மூடினால் விளைவு போய்விடும். ஃப்ரீக்வன்சி கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். ட்ராப் மறைந்தால் காரணம் உறக்கம்.

மறையாவிட்டால் அனுப்பும் பக்கத்தின் கொத்துகளைச் சந்தேகியுங்கள். சராசரி 5 மில்லியன் என்றாலும், அனுப்புபவர் ஒரு மில்லிநொடி முழு வேகத்தில் கொட்டிவிட்டு இரண்டு மில்லிநொடி மௌனமாக இருக்கலாம். மென்பொருளால் வேகம் கட்டுப்படுத்தும் எந்த ஜெனரேட்டரிலும் இந்த ஆபத்து உண்டு.

இங்கே ரிங்கை 4096 ஆக்குவது எல்லோரும் முதலில் செய்யும் சிகிச்சை. ட்ராப் குறையும், உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பலர் அளப்பதே இல்லை. இன்டெல் சர்வர்களில் டிடிஐஓ என்ற வசதி பாக்கெட்டை மெமரிக்குப் பதில் நேராகக் கடைசி நிலைக் கேச்சில் எழுத வைக்கிறது, ஆனால் அந்தக் கேச்சில் ஒரு சிறு பகுதியைத்தான் அதற்கு ஒதுக்குகிறது. 4096 டிஸ்கிரிப்டர், ஒவ்வொன்றும் 2 கிலோபைட் பஃபர் என்றால் ஒரு கியூவுக்கே 8 மெகாபைட். எட்டுக் கியூவுக்கு 64 மெகாபைட். கேச்சில் நிற்காமல் பாக்கெட் மெமரிக்குத் தள்ளப்படும், கோர் திரும்ப மெமரியிலிருந்து எடுக்கும். ஒரு மெமரிப் பயணமே நம் 67 நானோநொடி முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. ரிங்கை 512, 1024, 2048, 4096 என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பெர்ஃப் ஸ்டாட்டில் கடைசி நிலைக் கேச் தவறுகளைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். எங்கே வளைகிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

ஒரு போர்ட்டில் சரி, இரு போர்ட்டையும் ஓட்டினால் சரிகிறது

ஒரு சோதனைக்கூடத்தில் இதோடு மூன்று நாள் போராடியிருக்கிறேன். இரண்டு போர்ட் கொண்ட 10 ஜிகாபிட் கார்டு. ஒரு போர்ட்டை மட்டும் ஓட்டினால் பெரிய பாக்கெட்டில் கேபிள் வேகம் முழுதும் வந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றும் 7 ஜிகாபிட்டைத் தாண்டவில்லை. டிரைவரில் இரு போர்ட்டுக்கும் பொதுவான பூட்டு எங்கே என்று வரி வரியாகத் தேடினோம். அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐயை மிக விரிவான வடிவில் ஓட்டி, லிங்க் கேப் வரியையும் லிங்க் ஸ்டேட்டஸ் வரியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. கார்டால் எட்டுப் பாதை முடியும், கிடைத்திருப்பது நான்கு. ஸ்லாட் நீளமாக இருந்தது, உள்ளே கம்பி நான்கு பாதைக்குத்தான் போட்டிருந்தது.

கணக்குப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் ஒரு பாதைக்கு ஒரு திசையில் 4 ஜிகாபிட், நான்கு பாதைக்கு 16. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பு, டிஸ்கிரிப்டர் எழுத்து என்று செலவு போக மீதிதான் பாக்கெட்டுக்கு. 20 ஜிகாபிட் அதற்குள் நுழைய வழியே இல்லை. ஸ்லாட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த அளவீட்டையும் எல்எஸ்பிசிஐ வெளியீட்டைச் சேமிக்காமல் நான் தொடங்குவதில்லை. இன்றைய கார்டுகளுக்கும் இதே கணக்குத்தான்: மூன்றாம் தலைமுறையில் எட்டுப் பாதை சுமார் 63 ஜிகாபிட், 100 ஜிகாபிட் கார்டுக்கு அது போதாது, பதினாறு பாதை வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு எண்

ஐந்து ஓட்டம், ஐந்து எண். சராசரி எடுத்துவிட்டு நகர வேண்டாம், இந்தச் சிதறலுக்குப் பின்னால் பெரும்பாலும் பெயர் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்கும்.

எண்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து நின்றால் நூமாவை (எந்த சிபியுவுக்கு எது அருகில் என்ற அமைப்பை) பாருங்கள். சிஸ்ஸில் அந்தக் கார்டின் டிவைஸ் கோப்பகத்தில் நூமா நோட் என்ற கோப்பு, கார்டு எந்த சிபியு சாக்கெட்டோடு ஒட்டியிருக்கிறது என்று சொல்லும். வேலை ஒரு தடவை பக்கத்துக் கோரிலும் அடுத்த தடவை மறுபக்கக் கோரிலும் விழுந்திருக்கும். இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்கியூபேலன்ஸ் சேவை ஓடிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். அதை நிறுத்திவிட்டு இன்டரப்டுகளைக் கையால் கட்டிப்போடுங்கள்.

முதல் ஓட்டம் வேகம், பின்னால் வருபவை மெதுவாக இறங்குகின்றன என்றால் டர்போ. சிபியு சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டர்போவை அணைத்து அளங்கள். எண் சிறியதாக வரும், ஆனால் நாளைக்கும் அதே எண் வரும். டிரைவரின் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது நமக்கு வேண்டியது அதுதான்.

பல கியூ ஓட்டத்தில் மட்டும் சிதறினால் ஹாஷ் சாவி காரணமாக இருக்கலாம். பல டிரைவர்கள் ஒவ்வொரு ரீபூட்டிலும் புதுச் சாவியைத் தற்போக்காக எடுக்கின்றன. அன்றைய சாவிக்கு உங்கள் ஃப்ளோக்கள் (ஒரே முகவரியும் போர்ட்டும் கொண்ட பாக்கெட் ஓட்டங்கள்) சமமாகப் பரவாமல் போகும். ஃப்ளோ எண்ணிக்கையை ஆயிரங்களுக்கு ஏற்றுங்கள் அல்லது சாவியை நிலையாக வையுங்கள்.

இழப்பே இல்லாத உச்ச வேகத்தைத் தேடுபவர்கள், 1999இல் வந்த நெட்வொர்க் கருவிச் சோதனை ஆவணமான ஆர்எஃப்சி 2544 சொல்வது போல ஒவ்வொரு ஓட்டத்தையும் குறைந்தது 60 நொடி ஓட்டுங்கள். ஐந்து நொடியில் ஜெயித்த வேகம் அறுபது நொடியில் தோற்பது சகஜம், எப்போதோ வரும் ஒரு பின்னணி வேலை குறுக்கே விழுந்தாலே போதும். அந்த ஆவணம் பரிந்துரைக்கும் ஏழு ஃபிரேம் அளவுகளையும், 64இலிருந்து 1518 வரை, ஓட்டிப் பார்ப்பது நல்லது. சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட 198.18 என்று தொடங்கும் முகவரிகளைப் பயன்படுத்துங்கள், தப்பித் தவறி வெளியே கசிந்தாலும் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

கெர்னலை மாற்றியபின் மெதுவாகிவிட்டது

டிரைவர் கோடு ஒரு வரிகூட மாறவில்லை, எண் மட்டும் இறங்கியது. சிஸ்ஸில் சிபியு பகுதிக்குள் வல்னரபிலிடீஸ் கோப்பகத்தை இரண்டு கெர்னலிலும் ஒப்பிடுங்கள். 2018இல் ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்புக் குறைக்கு எதிரான ரெட்போலின் என்ற காப்பு வந்தபோது ஃபங்ஷன் சுட்டி வழியாகப் போகும் ஒவ்வொரு அழைப்பும் விலை ஏறியது. நெட்வொர்க் பாதை முழுக்க அப்படிப்பட்ட அழைப்புகள்தான். ஆய்வுக்கூடத்தில் மட்டும், மிட்டிகேஷன்ஸ் ஆஃப் என்று பூட் விருப்பம் கொடுத்து ஒரு தடவை அளந்தால் காரணம் இதுதானா என்று தெரிந்துவிடும். இன்னொரு சந்தேகம், சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ. புது அமைப்பில் அது இயல்பாகவே இயங்கத் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு பஃபர் மேப்பிங்குக்கும் செலவு உண்டு. பாஸ்த்ரூ முறையில் பூட் செய்து ஒப்பிடுங்கள். இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் மாட்யூல் புதிதாக ஏறியிருக்கிறதா, ப்ராக்கின் நெட் பகுதியில் பாக்கெட் கோப்பில் யாராவது ரா சாக்கெட் திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மறந்துபோன ஒரு டிசிபிடம்ப் போதும், எண்ணைச் சாய்க்க.

இதையெல்லாம் விலக்கியபின் பெர்ஃப் ரெக்கார்டை அந்த ஒரு கோரில் மட்டும் ஓட்டுங்கள், சதவீதத்தை அப்படியே படிக்காமல் நானோநொடியாக மாற்றுங்கள். பழைய கெர்னலில் கோர் 100 சதவீதத்தில் 5 மில்லியன் கையாண்டால் பாக்கெட்டுக்கு 200 நானோநொடி. 10 சதவீதம் காட்டும் ஃபங்ஷன் 20 நானோநொடி. புதுக் கெர்னலில் 4 மில்லியன் வந்து அதே ஃபங்ஷன் 8 சதவீதம் காட்டினாலும் அது 20 நானோநொடிதான். சதவீதம் மாறியது, செலவு மாறவில்லை. இப்படி இரண்டு பட்டியலையும் நானோநொடியில் வைத்து, கழித்து, பெரிய மிச்சத்திலிருந்து தேடுங்கள்.

வேகம் சரி, தாமதம் மோசம்

முழுச் சுமையில் தாமதத்தை அளந்தீர்களா? அப்படியென்றால் நீங்கள் அளந்தது ரிங்கின் நீளத்தை. நிரம்பிய 4096 ரிங்கில் கடைசியாக நிற்கும் பாக்கெட், 64 பைட் முழு வேகத்திலேயே காலியானாலும், சுமார் 275 மைக்ரோநொடி காத்திருக்கும். கோர் அதைவிட மெதுவாக எடுத்தால் காத்திருப்பு அந்த விகிதத்தில் நீளும். இழப்பில்லாத உச்ச வேகத்தை முதலில் கண்டுபிடியுங்கள், அதற்குக் கீழே பாதி வேகம், பத்தில் ஒரு பங்கு வேகம் என்று தனித்தனியாகத் தாமதத்தை எடுங்கள்.

குறைந்த சுமையிலும் தாமதம் 50, 100 மைக்ரோநொடி என்று முழு எண்ணாக நின்றால் அது இன்டரப்ட் சேர்ப்பு, அதாவது பல பாக்கெட்டுக்கு ஒரே இன்டரப்ட் கொடுக்கக் கார்டு காத்திருப்பது. ஈத்டூலின் சிறிய சி காட்டும் ஆர்எக்ஸ் மைக்ரோசெகண்ட்ஸ் மதிப்பையும், தானாக மாறும் அமைப்பு இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். தானாக மாறுவதை அணைத்துவிட்டு 0, 10, 50 என்று மூன்று மதிப்பில் அளந்தால் உறவு நேராகத் தெரியும். மதிப்பு சிறிதானால் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறும், பாக்கெட்டுக்கான செலவும் கூடும், ஆகவே அந்த மூன்று மதிப்புக்கும் வேக எண்ணையும் மறுபடி எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். சராசரித் தாமதத்தோடு நிறுத்தாமல் 99, 99.9ஆம் நூற்றுமானத்தையும் பதியுங்கள், தூங்கி எழும் கோர் அங்கேதான் தலைகாட்டும். நேர முத்திரையைக் கார்டின் வன்பொருளிலேயே எடுக்க முடியுமா என்பதை ஈத்டூலின் பெரிய டி சொல்லும். முடியும் என்றால் அதையே எடுங்கள், மென்பொருள் முத்திரையில் நீங்கள் அளக்க வந்த டிரைவரின் தாமதமும் அளக்கும் நிரலின் தாமதமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.